சேஃப்டி லீவரும் என் கட்டைவிரலும்

எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் ஒரு துப்பாக்கி இருந்தது. இப்படி ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடுகிற துப்பாக்கி என்று அடுத்த வரியைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிடும். விழட்டும். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடும் அடைந்த பெருமையும் எனக்குத்தானே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒத்தக்கடைப் பக்கம் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரிசல் காட்டில் ஓடிப் பழகிய கால் என்னுடையது. வாயும் கொஞ்சம் நீளம். கல்யாணம் ஆகி ஒத்தக்கடைக்கு வந்தபோது, மருமகள் விசில் ஊதிச் சம்பாதிக்கிறாள் என்று என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கேலி பாதி, பெருமை பாதி.

பந்தயத்தைத் தொடங்கி வைக்கிறவரை ஸ்டார்ட்டர் என்போம். எங்கள் மாவட்டத்தில் ஸ்டார்ட்டர் என்றால் ஒரே ஆள்தான். டவுனில் ஒரு பையன்கள் பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் வருவார். அவர் "செட்" என்று சொன்னால் மைதானத்தில் திரிகிற நாய்கூட நிற்கும். அவர் கையில் இருந்தது துப்பாக்கி இல்லை. கீல் வைத்துச் சேர்த்த இரண்டு பலகைகள். அதை ஓங்கி அறைந்தால் பட்டென்று ஒரு சத்தம் வரும், பிள்ளைகள் ஓடுவார்கள். அந்தப் பலகையையும் அவரையும் தவிர வேறு எதையும் எங்கள் மாவட்டம் பார்த்ததில்லை.

எங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கண்ணாடி போட்ட கறாரான மனுஷி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டத்தில் நன்றாக வருகிறார்கள் என்று தெரிந்ததும், டவுன்ஹால் ரோடு கடையில் சொல்லிவைத்து வெளிநாட்டு ஸ்டார்ட்டிங் பிஸ்டல் ஒன்றை வாங்கிவிட்டார். அந்த வருஷம் வட்டாரப் போட்டி மேலூரில். அதற்கு முன் நடந்த போட்டிக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "துப்பாக்கியை எல்லாருக்கும் தர்றோம். ஆனா பொண்ணுங்க பந்தயத்தை எங்க டீச்சர்தான் சுடுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு அங்கேயே தலை கால் புரியவில்லை. பஸ்ஸில் வீடு வருகிற வரைக்கும் சன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உள்ளங்கைக்கு அடக்கமான கறுப்புத் துப்பாக்கி அது. குழாயை அடைத்திருப்பார்கள், குண்டு வெளியே வராது. சின்னப் பித்தளைத் தோட்டா போட்டால் சத்தமும் புகையும் மட்டும் வரும். இடது பக்கத்தில், கட்டைவிரல் எட்டுகிற இடத்தில், ஒரு குட்டி லீவர். அதுதான் சேஃப்டி. மேலே இருந்தால் பூட்டு, விசை அசையாது. கட்டைவிரலால் கீழே தள்ளினால்தான் சுடும். பிள்ளைகள் கோட்டுக்கு வருகிறவரை பூட்டி வைத்திருந்து, அவர்கள் குனிந்ததும் லீவரைத் தள்ளிக் கையை உயர்த்த வேண்டும். வேலை அம்புட்டுதான்.

ஆனால் அந்த லீவரைச் செய்தவன் அதன் ஓரத்தில் ஒரு தடவைகூட அரம் போட்டிருக்க மாட்டான். தகட்டை வெட்டினான், மாட்டினான், பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். மேலூர் மைதானத்தில் முதல் பந்தயத்தைச் சுட்டதும் கட்டைவிரலில் சுருக்கென்றது. மூட்டுக்குக் கீழே, உள்பக்கச் சதையில், பிளேடு பட்ட மாதிரி ஒரு கோடு. கைக்குட்டையால் துடைத்துவிட்டு அடுத்ததைச் சுட்டேன். அதே இடத்தில் மறுபடி கிழித்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதே கோட்டில் கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

பெரிய பெண்களின் நூறு மீட்டர் இறுதிப் பந்தயம் வந்தது. "செட்" என்று சொல்லிக் கையை இறுக்கினேன். வலி தோள் வரைக்கும் ஏறியது. விரல் விசையை அழுத்துவதற்குள் அரை நொடி போய்விட்டது. அந்த அரை நொடியில் ஒரு பிள்ளை நிதானம் தவறி முன்னால் சாய்ந்தாள், மற்றவர்கள் அவள் பின்னால் பாய்ந்தார்கள். திரும்ப நிறுத்தினேன். திரும்பவும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது தடவையும் ஆனபோது கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

மூத்த மாஸ்டர் மைக் பக்கத்தில் நின்றிருந்தார். "டீச்சருக்குக் கை நடுங்குது, பாவம். பொம்பளைக்கு வெடிச்சத்தம்னா ஒரு பயந்தேன்" என்று மைக்கிலேயே சொன்னார். சொல்லிவிட்டு நடந்து வந்து என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். மீதிப் பந்தயம் எல்லாவற்றையும் அவரே சுட்டார். நான் குழாயடியில் விரலைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்டு எரிந்ததைவிட அந்தச் சிரிப்புதான் அதிகமாக எரிந்தது. பயமாம்! தீபாவளிக்கு ஓலைவெடியைக் கையில் பிடித்துக் கொளுத்தி எறிந்தவள் நான்.

அடுத்த கூட்டம் மாவட்டப் போட்டிக்காக. லீவர் விரலைக் கிழிக்கிறது, அதனால்தான் தாமதமானது என்று நான் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒருவர் குனிந்து பார்த்தார், மற்றவர்கள் அதுகூட இல்லை. மூத்த மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "துப்பாக்கியில என்னங்க இருக்கு, நானுந்தேன் சுட்டேன். பொம்பளை கை, மென்மையான கை, அதுக்கு இது சரிப்பட்டு வராது" என்றார். எல்லாப் பந்தயத்தையும் அவரே சுடட்டும் என்று முடிவாகப் போயிற்று. பெரிய டீச்சர் விடவில்லை. எங்கள் டீச்சர் இல்லையென்றால் எங்கள் துப்பாக்கியும் இல்லை என்றார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பெண்கள் பந்தயத்தை நான் தொடங்கலாம். ஒரே ஒரு தடவை என்னால் தப்பு நடந்தாலும் துப்பாக்கி மாஸ்டர் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நான் அதைத் தொடக்கூடாது, எந்த வருஷமும்.

வெளியே வந்ததும் பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, "துப்பாக்கியைச் சரி பண்ணுங்க, இல்ல விரலைச் சரி பண்ணுங்க. என் மானத்தை வாங்கிராதீங்க" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்.

டவுன்ஹால் ரோடு கடைக்குப் போனேன். "ஃபாரின் மாடலும்மா, அப்பிடித்தேன் இருக்கும். கையில துணி சுத்திக்கங்க" என்றார் கடைக்காரர். துணி சுற்றிப் பார்த்தேன். விரல் தடித்துப் போய் லீவர் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அடுத்து ஒத்தக்கடையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். கல் உடைக்கிற உளிகளுக்கு முனை பிடிக்கிற பட்டறை, தீப்பொறி தெருவரைக்கும் பறக்கும். கைப்பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன். பட்டறைக்காரர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"யக்கா, உள்ள வைங்க, உள்ள வைங்க!"

"இது ஓட்டப்பந்தயத்துக்குச் சுடுறதுங்க. குண்டே கிடையாது."

"இருக்கட்டுங்க்கா. நாளைக்குப் போலீசு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஒரு சின்ன அரம் தாரேன், உப்புத்தாள் தாரேன். நீங்களே வீட்ல வச்சு ராவிக்கங்க. புண்ணியமாப் போகும், இங்கேருந்து எடுத்துட்டுப் போங்க."

என் கணவர் தல்லாகுளத்தில் அரசாங்க ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் அவரிடம் சொன்னால், "கவர்மென்ட் வேலை பாக்குறவன் வீட்ல இதெல்லாம் எதுக்கு" என்று அவர் பங்குக்கு அவரும் பின்வாங்கினார். நல்லது, யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். மறுநாள் ஆயுத பூஜை, பள்ளிக்கூடம் லீவு. காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து அந்த லீவரின் மேல் விளிம்பை மழுங்கடித்துவிடுவது என்று திட்டம். அந்த விளிம்புதான் பார்க்கவே கத்தி மாதிரி இருந்தது. கட்டைவிரல் அதன் மேல்தான் வழுக்கி இறங்குகிறது. வெட்டுவது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசை மேல் துப்பாக்கியைக் காணோம். அரத்தையும் காணோம். பதறிப்போய்த் தேடினால், சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அரிவாள்மனை, கத்திரிக்கோல், தையல் மிஷினின் எண்ணெய்க் குப்பி, என் விசில், அரம், நட்ட நடுவில் துப்பாக்கி. மாமியார் சந்தனத்தைக் குழைத்து அதன் மேல் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார். பொட்டு வைக்க அவருக்குக் கிடைத்த இடம் அந்த லீவர். தாராளமாக அப்பியிருந்தார்.

"அத்தே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இது ஸ்கூல் சாமான்!"

"ஏத்தா, ஆயுத பூசைன்னா ஆயுதம் வேணாமா? வருசா வருசம் அரிவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வச்சு எனக்கே சலிச்சுப் போச்சு. இந்த வருசந்தேன் உருப்படியா ஒண்ணு வந்திருக்கு."

"எனக்கு இன்னிக்கு அதை வச்சு வேலை இருக்கு."

"பூசையில வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில மறுபூசை போட்டுத் தாரேன். ஒரு நாள்ல ஒண்ணும் குடி முழுகாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்குப் பொரிகடலைகூட இறங்கவில்லை. வெள்ளைக்காரன் செய்த துப்பாக்கி இலையில் உட்கார்ந்து சாம்பிராணி வாங்கிக்கொண்டிருக்கிறது, நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து துப்பாக்கி கைக்கு வந்தது. சந்தனம் காய்ந்து லீவர் மேல் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே, அது உதிரட்டும் என்று லீவரை மேலும் கீழும் தள்ளினேன். தோட்டா இல்லாமல் கையை உயர்த்தி விசையை அழுத்தினேன். நாலைந்து தடவை செய்திருப்பேன். பிறகு துடைக்கலாம் என்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் ராவ நினைத்திருந்த மேல் விளிம்பில் சந்தனம் அலுங்காமல் இருந்தது. விரலே அங்கே உரசவில்லை. ஆனால் லீவரின் பின்பக்கம், கீழ் மூலையில், பொட்டு சுத்தமாக வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்த காயத்தின் மேலேயே சிவப்பாக ஒரு குங்குமக் கோடு. அந்த மூலை லீவரைத் தள்ளும்போது ஒன்றும் செய்வதில்லை. தள்ளி முடித்து, கையை உயர்த்தி, சுடுவதற்காகப் பிடியை இறுக்குகிறோமே, அப்போது சதைக்கு அடியில் ஒளிந்திருந்து கடிக்கிறது. விரல் மறைத்துக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. முந்தின நாள் நான் அரத்தை எடுத்திருந்தால் நல்ல விளிம்பை ராவி வழுக்கலாக்கிவிட்டு, கடிக்கிற மூலையை அப்படியே விட்டிருப்பேன். மாவட்டப் போட்டியில் மறுபடி ரத்தம் வந்திருக்கும்.

"அத்தே! அந்தக் குங்குமச் சிமிழை எடுத்துட்டு வாங்க!"

"எதுக்குத்தா?"

"வாங்க, சொல்றேன்."

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்த மூலையில் அரத்தை வைத்து மெதுவாக இழுத்தேன். இரும்பு நல்ல இரும்பு, லேசில் மசியவில்லை. கொஞ்சம் இழுத்ததும் நிறுத்தி, குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து லீவர் முழுக்கத் தடவி, தள்ளி, உயர்த்தி, அழுத்திப் பார்த்தேன். விரலில் கோடு விழுந்தது. கோடு எங்கே விழுகிறதோ அங்கே திரும்ப அரம் போட்டேன். மாமியார் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குங்குமத்த வச்சு என்னடி வேல இது, சாமி குத்தம் ஆயிரப் போகுது" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அவரே மோதிர விரலால் தொட்டு வைக்க ஆரம்பித்தார். பிறகு என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அவரே தீர்ப்பும் சொன்னார்.

"இன்னும் கோடு கெடக்கு. ராவு."

"ரொம்ப ராவுனா லீவர் லொடலொடன்னு ஆயிரும் அத்தே."

"அப்ப அளவா ராவு. அதுக்குத்தேன படிச்சிருக்க?"

கோடு பட்டையாயிற்று. பட்டை மங்கலாயிற்று. பிறகு உப்புத்தாளைத் தென்னை ஈர்க்கில் சுற்றி மூலையை உருட்டித் தேய்த்தேன். மத்தியானச் சோறு ஆறிப்போன நேரத்தில் விரலைத் திருப்பிப் பார்த்தால் சதை முழுக்க ஒரே சீராக லேசான சிவப்பு பரவியிருந்தது, கோடு என்று எதுவும் இல்லை. லீவரைத் தள்ளினால் டிக்கென்று பழைய மாதிரியே இறுக்கமாக உட்கார்ந்தது. கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! நான் ஓடி வாங்கிய கோப்பைகள்கூட அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. மாமியார் தெருவில் போன கீரைக்காரியைக் கூப்பிட்டு, "எம் மருமக துப்பாக்கியவே ரிப்பேர் பண்ணிட்டா" என்று சொன்னார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

ராவிய இடத்தில் கறுப்புப் போய் வெள்ளை இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பெரிய டீச்சர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஸ்கூல் சொத்தை ராவிட்டீங்களா டீச்சர்?"

"அது என் விரலை ராவினதுக்கு நான் அதை ராவினேன் டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. லீவரைத் தள்ளிப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். "இதைத்தானே முதல்லயே செஞ்சு அனுப்பியிருக்கணும்" என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனியைத் திட்டிவிட்டுத் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி வைத்துப் பழகினேன். தோட்டாவை மிச்சம் பிடிக்க வெறும் துப்பாக்கியை உயர்த்தி வாயால் "டப்" என்று கத்துவேன். பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம்.

மாவட்டப் போட்டி ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. மஞ்சள் புடவையை இறுக்கிக் கட்டி, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றேன். பந்தலில் கமிட்டிக்காரர்கள், பெரிய டீச்சர், மைக். மூத்த மாஸ்டர் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், எப்போது தப்பு நடக்கும் என்று காத்திருக்கிறவர் மாதிரி. முதல் ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று, சின்னப் பெண்களுடையது. ஒரு தப்பு நடந்தால் முடிந்தது கதை. லீவரைத் தள்ளினேன். "செட்" என்றேன். விரலில் வலி இல்லை, அதனால் விரல் ஞாபகமே இல்லை. கண் பிள்ளைகள் மேலேயே இருந்தது. அத்தனை முதுகும் ஒரு கணம் அசையாமல் நின்றது தெரிந்தது, சுட்டேன். ஒழுங்காக ஓடினார்கள். அடுத்ததும் ஒழுங்கு. மத்தியானத்துக்குள் பெண்கள் பந்தயம் எல்லாம் முடிந்தது. ஒருத்திகூட முந்தவில்லை. எனக்குப் பின்னால் மாஸ்டர் கட்டியிருந்த கைகள் எப்போதோ அவிழ்ந்துவிட்டன.

சாப்பாட்டுக்குப் பிறகு பையன்களின் பந்தயங்கள். மாஸ்டர் வந்து துப்பாக்கிக்குக் கை நீட்டினார். கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அவருடைய கட்டைவிரலில், மூட்டுக்குக் கீழே, உள்பக்கம், பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. புதுசு, அழுக்கே படாதது.

"என்ன சார், காயமா?"

"காயமெல்லாம் இல்ல டீச்சர். சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

துப்பாக்கியை வாங்கி லீவரைத் தள்ளினார். நிறுத்தினார். மேலே ஏற்றித் திரும்பத் தள்ளினார். புருவம் சுருங்கியது. பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரித்துவிட்டு வெறும் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"இது வேற துப்பாக்கியா டீச்சர்?"

"அதே துப்பாக்கிதேன் சார். லீவரை ராவியிருக்கேன்."

"யாரு, நீங்களா?"

"நாந்தேன்."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார், மனசாரத்தான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வெட்டும் என்று தெரியாதவன் வெட்டுகிற இடத்தில் எதற்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருவான்?

"சார், மேலூர்ல உங்களுக்கும் கிழிச்சுச்சா?"

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"கிழிச்சுச்சு."

"எப்ப?"

"வாங்கிச் சுட்ட மொத பந்தயத்துலயே."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டது. "மேலூர்ல மைக்குல பேசும்போது உங்களுக்குத் தெரியாது, அத விடுறேன் சார். கமிட்டியில உக்காந்து பொம்பளை கைன்னு பேசும்போது தெரியும்ல? நான் விரலைக் காட்டினேனே, உங்க விரலும் அப்ப அப்படித்தேன இருந்துருக்கும்?"

"ஒரு லீவரு கையைக் கிழிச்சிருச்சுன்னு இத்தன வருச சர்வீஸ்ல நான் எப்பிடிம்மா எந்திரிச்சு சொல்றது? சிரிக்க மாட்டாங்களா?"

"என்னையப் பாத்துச் சிரிச்சாங்களே சார்."

மைக்கில் பையன்களைக் கோட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்ல, "தோட்டாவக் குடுங்க டீச்சர், நேரமாகுது" என்றார்.

தோட்டாப் பெட்டி என் கையில் இருந்தது. நான் அதைப் புடவைத் தலைப்புக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தாரேன் சார். பந்தலுக்குப் போய் கமிட்டிக்காரவுகள்ட்ட இதச் சொல்லிட்டு வாங்க, தாரேன்."

"டீச்சர், விளையாடாதீங்க. பையங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும் சார். நான் அம்புட்டு நாளா நின்னேன்ல."

மைக் இரண்டு தடவை ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டென்று திரும்பி, வெள்ளைப் பேண்டில் மண் படப்படப் பந்தலை நோக்கி நடந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, இன்னும் ஏதோ சொன்னார், சிரிப்பு நின்றது. நாற்காலிகள் என் பக்கம் திரும்பின. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தார். "சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கும் கிழிச்சுச்சு, நான் மறைச்சுட்டேன், டீச்சர் கையில ஒரு நடுக்கமும் இல்லைன்னு சொன்னேன். போதுமா?"

"போதும் சார்" என்று பெட்டியை நீட்டினேன். கண் கரித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவர் பெட்டியை வாங்கவில்லை. துப்பாக்கியை அதன் மேல் வைத்தார்.

"நீங்களே சுடுங்க டீச்சர். இது உங்க விரலுக்கு ராவுன துப்பாக்கி."

ஸ்டூலில் ஏறினேன். கோட்டில் நின்றவர்கள் மீசை அரும்பிய பெரிய பையன்கள், என்னைவிட ஒரு முழம் உயரம். ஒருவன் மாஸ்டரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "இங்க என்னடா பாக்குற, கோட்டைப் பாரு" என்றேன். குனிந்தான். லீவரைத் தள்ளினேன், டிக்கென்றது. கையை உயர்த்தி, "செட்" என்றேன். அம்புட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கைக்காகக் காத்திருந்தார்கள். சுட்டேன். ஒருத்தனும் முந்தவில்லை.